சேறுண்ணிக்கு முப்பது சுற்று

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். படியேறும்போது முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான். காது பழையபடி. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரியின் தோள்வலி குறைந்ததா? இதற்கெல்லாம் பதில் எழுது. ஆனால் அதற்கு முன் கீழே நான் கேட்பதற்குப் பதில் எழுது.

நம் வீடியோ கேம் மன்றத்தின் சுற்றறிக்கை வந்தது. "இனிமேல் எந்த மோதலும் முப்பது சுற்றைத் தாண்டக் கூடாது. அதற்குள் முடியாவிட்டால் அதிகம் அடித்தவரே வென்றவர்." பெயர் போடாவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? நம் மன்றத்தில் முப்பது சுற்றைத் தாண்டி ஆடுகிற ஆள் நான் ஒருத்திதான். விதியின் தலையில் என் பெயரையும் என் சேறுண்ணியின் படத்தையும் அச்சடித்திருக்கலாம். மை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்.

இருநூற்றுச் சொச்சம் பிராணிகள் இருக்கிற கேமில் எல்லோரும் பிடிப்பது அதே பத்துப் பிராணிகளைத்தான். கேட்டால் "அழகா இருக்குக்கா" என்பார்கள். சண்டைக்குப் போகிறவனுக்கு அழகு எதற்கு, பெண் பார்க்கவா போகிறான்? குட்டியாக இருக்கும்போது நாலு காலில் ஒழுங்காக நிற்கிற பிராணி, இரண்டு தடவை உருமாறியதும் இரண்டு காலில் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொள்கிறது. அதற்கு ஒரு கூட்டம் கைதட்டுகிறது. என் சேறுண்ணி உருமாறாது. பிடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும்: ஒரு பிடி சேறு, இரண்டு கண். அடிக்கத் தெரியாது என்பார்கள். எதிரி மேல் நஞ்சைத் தடவிவிட்டு, சுருண்டுகொண்டு, காத்திருக்கத் தெரியும். காத்திருப்பதும் சண்டைதான். பாட்டில் ஆலையில் முப்பது வருஷம் பெல்ட் முன்னால் உட்கார்ந்து, போகிற பாட்டிலில் விரிசல் எங்கே என்று பார்த்தவள் நான். எனக்குப் பொறுமையைப் பற்றி ஒரு பல் டாக்டர் பாடம் எடுக்க வேண்டாம். மன்றத் தலைவர் என்றால் தலைவராக இருக்கட்டும்.

சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. குழுவில் ஐந்து பேர். விதி மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறி, செப்டம்பர் ஆண்டுக் கூட்டத்தில் கடைசி முடிவாம். அந்த ஐந்தில் நீயும் ஒருவன். அந்த மூன்றிலும் நீ ஒருவன் என்று கேள்விப்பட்டேன்.

உன் ஊர் மாடிக்கு நான் பஸ் ஏறி வருவது எப்போதாவதுதான். போனில் கேட்டிருப்பேன். எனக்குக் கேட்காது, நீயும் பேச்சை மாற்றிவிடுவாய். தாளில் மாற்ற முடியாது. ஏன் கை தூக்கினாய்?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தோடு எழுதினாலும் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதனால் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். இவள் தோள் தேவலை. நானும் தேவலை.

ஆமாம், கை தூக்கினேன். மறைக்கவில்லை. போன மாதம் உனக்கும் டாக்டருக்கும் நடந்த மோதல் ஞாபகம் இருக்கிறதா? அறுபதாவது சுற்றில், மன்ற மாடிக்குக் கீழே இருக்கிற இரும்புக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டார். நாம் எல்லோரும் மாடியில் மாட்டிக்கொண்டோம். டாக்டர் சன்னல் வழியாக "யாராவது தொறங்கய்யா, நான் டாக்டரு" என்று கத்தினார். "பல்லு வலின்னா நாளைக்கு வாங்க" என்று தெருவில் போனவன் சொல்லிவிட்டுப் போனான். நீ மட்டும் தலையே தூக்கவில்லை. "அவர் முறை, ஆடச் சொல்லு" என்றாய்.

அக்கா, கேம் என்றால் ஒரு வீறாப்பு வேண்டும். என் அனல்வல்லூறு சிறகை விரிக்கும்போது திரை முழுக்கச் சிவக்கும் பார், அதற்காகவே நான் ஆடுகிறேன். உன் சேறுண்ணி ஆடும்போது திரையில் எதுவுமே நடப்பதில்லை. ஒரு எண் குறைகிறது. இன்னொரு எண் குறைகிறது. வங்கியில் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

வேலை நடக்கிறது. இப்போது டிரைவிங் ஸ்கூலில் ஒரு தையல்காரர் என்னிடம் கார் ஓட்டக் கற்கிறார். பிரேக்கைத் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி டடடடவென்று மிதிக்கிறார். எனக்குக் கழுத்து கழன்றுவிடும் போல இருக்கிறது.

முப்பது சுற்று போதும் அக்கா. மனசார சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

கதை சொல்லியிருக்கிறாய், காரணம் சொல்லவில்லை. ஷட்டரை இழுத்தது கடைக்காரர். அதற்கு என் சேறுண்ணி என்ன செய்யும்?

உன்னோடு வாதம் செய்து பிரயோஜனம் இல்லை. ஆடித் தீர்ப்போம். தபாலில் ஆடுவோம். தபாலில் ஷட்டர் கிடையாது, சுற்றுக் கணக்கும் கிடையாது.

முறை இதுதான். ஆளுக்கு ஒரு பிராணி. எனக்குச் சேறுண்ணி, உனக்கு உன் செக்கச் சிவந்த பறவை. ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு சின்ன உறை வரும், ஒட்டியிருக்கும். அதற்குள் அடுத்த மூன்று சுற்றுக்கான நகர்வுகள். உறையைப் பிரிப்பதற்கு முன் உன் மூன்று நகர்வுகளை நீ தாளில் எழுதிவிட வேண்டும். அப்புறம் பிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மன்றத்தின் அட்டவணைப்படி யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடு. முடிவை எழுதி, அடுத்த மூன்றை நீ ஒட்டி அனுப்பு. அதற்கு நானும் அப்படியே. குருட்டு அதிர்ஷ்டம் வேண்டிய நகர்வு எதுவும் கூடாது. யாரும் பக்கத்தில் நின்று பார்க்கப் போவதில்லை. உன்னை நம்புகிறேன்.

பந்தயம்: நான் ஜெயித்தால் செப்டம்பரில் உன் கையை விதிக்கு எதிராகத் தூக்க வேண்டும். மூன்றுக்கு இரண்டு அப்படியே திரும்பிவிடும். நீ ஜெயித்தால் சேறுண்ணியை அந்த மாடிக்குக் கொண்டுவரவே மாட்டேன். வாயையும் திறக்க மாட்டேன்.

நான் வாயைத் திறக்காமல் இருப்பது உங்கள் எல்லோருக்கும் எவ்வளவு பெரிய பரிசு என்று தெரியும். அதனால் ஒத்துக்கொள்வாய்.

முதல் உறை உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்துக்கொண்டேன். உன் கடிதத்தை இவளிடம் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து வயசு நூத்தி முப்பதுக்கு மேல, இன்னும் பூச்சி சண்டையா" என்றாள். பூச்சி இல்லை, பிராணி என்று திருத்தினேன்.

என் நகர்வுகளை எழுதி, மேலே தண்ணீர் ஜாடியை வைத்துவிட்டு, உன் உறையைப் பிரித்தேன். நீ: நஞ்சு, சுருளல், சுருளல். நான்: சிறகுதறல், தீமூச்சு, தீமூச்சு. உன் நஞ்சை என் பறவை அதே சுற்றில் உதறிவிட்டது. சுருண்டிருந்ததால் என் தீயில் பாதிதான் உனக்குப் பட்டது. என் பறவைக்கு ஒரு கீறல் இல்லை. உன் சேற்றில் நாலில் ஒரு பங்கு காய்ந்துவிட்டது. கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், சரிபார்.

தையல்காரர் தேர்வில் தேறிவிட்டார். இப்போது ஒரு டீச்சரம்மா வருகிறார். போன வாரம் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டார். "சார், நீங்க நிறுத்தச் சொல்லலையே" என்று அழுதார். "தூணு இருக்குன்னு நானும் பாக்கலைம்மா" என்றேன். முதலாளி காரின் பின்விளக்கை மாற்றிவிட்டார். பெரிய சேதம் இல்லை.

அடுத்த உறை உள்ளே.

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

நலம்.

சிறகுதறலை யாராவது முதல் சுற்றில் போடுவார்களா? நஞ்சு வந்த பிறகு உதறுவார்கள். வருவதற்கு முன்பே உதறுகிறவன், வரப்போவதைப் பார்த்தவன். வேறு எப்படி உனக்குத் தெரியும்?

நான் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன். சின்ன வயதில் சீட்டு விளையாடும்போது எனக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் என் சீட்டைப் பார்த்தவன் நீ. நான் மறக்கவில்லை.

உன் உறையைப் பிரித்தேன். பிரிப்பதற்கு முன் எழுதினேன், பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாள், பார். இந்த மூன்றில் நஞ்சு ஏறிவிட்டது. ஐந்தாவது சுற்றிலிருந்து உன் பறவைக்குள் இருக்கிறது, ஆறாவதிலேயே நீ உதறவில்லை, அது இனி உதறினாலும் போகாது. நான் ஒரு சுற்று உறங்கி, காய்ந்ததை எல்லாம் நனைத்துக்கொண்டேன்.

அழகு என்று எழுதினாயே, அதற்கும் பதில். புதிதாக வருகிற பிராணிகளைப் பார்க்கிறாயா? சாவிக்கொத்து ஒரு பிராணி. மின்விசிறி ஒரு பிராணி. கம்பெனிக்காரன் வீட்டில் எதைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு கண் வைத்துவிடுகிறான். அதுவும் போகட்டும். முன்பெல்லாம் சண்டைக்குப் போன பிராணிதான் பலம் பெறும். இப்போது ஒன்று சண்டை போட்டால் பையில் தூங்குகிற ஐந்துக்கும் சேர்த்து லெவல் ஏறுகிறது. உழைக்காமல் பதவி உயர்வு! என் ஆலையில் அப்படி நடந்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

பதில் சீக்கிரம் போடு. அடுத்த உறை உள்ளே.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. நாங்கள் நலம். பெரிய எழுத்தில் எழுதுகிறேன், பேனா முனை தடித்துவிட்டது.

உறையை முன்னால் பிரிக்கவில்லை. உன் முதல் நகர்வு நஞ்சாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து வருஷமாக நீ எல்லோருக்கும் முதலில் நஞ்சுதான் கொடுக்கிறாய். அடுத்து சுருளுவாய். பாதிக்குக் கீழே போனால் உறங்குவாய். உன் உறையை ஒட்டாமலே அனுப்பலாம் அக்கா. உனக்கு வேண்டுமானால் திட்டு, ஆனால் அந்தச் சீட்டுக்கதையை விடு.

நானும் ஒன்று சொல்கிறேன், சிரிப்பாய். போன வாரம் மன்றத்தில் மின்கீரியை மாற்றிக்கொண்டேன். டாக்டர் ஒரு மின்கீரி கேட்டார், என்னிடம் இரண்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன். அவர் கேம் பெட்டிக்குள் அது போனதும் மாடியே எழுந்து நின்றது. நான் கொடுத்தது ஆயிரத்தில் ஒன்று கிடைக்கிற வெள்ளி மின்கீரியாம். வைத்துக்கொண்டது சாதாரண மஞ்சளாம். டாக்டர் திருப்பித் தர வந்தார். "கொடுத்தது கொடுத்ததுதான் சார், நிறத்துல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைப் பெரிய மனுஷன் என்றார்கள்.

முடிவு தனித்தாளில். என் பறவை பாதி, உன் சேறு முக்கால். அடுத்த உறை உள்ளே.

இப்படிக்கு,
தம்பி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா? இதை நான் வழக்கத்துக்குக் கேட்கவில்லை. கேள்வியாகவே கேட்கிறேன்.

அந்த வெள்ளி மின்கீரிக்காக நீ ஒரு வருஷம் கேமுக்குள்ளே அந்தப் புல்வெளியில் நடந்தாய். சாப்பிடும்போதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடந்தாய். கிடைத்த அன்று எனக்குப் போன் செய்து, எனக்குக் கேட்காது என்று தெரிந்தும், "வெள்ளிக்கா! வெள்ளி!" என்று கத்தினாய். அதுமட்டும் எனக்குக் கேட்டது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று அந்த ஆளா எழுதுகிறான்?

வெள்ளிக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் எனக்கு அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும். உனக்குக் கையில் வைத்துக்கொண்டு தெரியவில்லை. பேனா முனை தடித்ததாம். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி எழுதுகிற அளவுக்குத் தடித்த முனை எந்தக் கடையில் விற்கிறது? வரிகள் வேறு கீழே சரிந்துகொண்டு போகின்றன. விரிசல் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது, தம்பி.

நீ வேலைக்குப் போகிறாயா இன்னும்? எழுது.

நான் எப்போதும் ஒரே மாதிரி ஆடுகிறேன் என்று எழுதினாயே, அது மனதில் தைத்தது. பொய் என்று சொல்ல வரவில்லை. உன் உறைக்குப் பதிலை எழுதிவிட்டேன், கணக்குத் தனித்தாளில். என் அடுத்த உறையும் உள்ளே.

இப்படிக்கு,
அக்கா

ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? இதை எழுதுவது நான்தான், உங்கள் தம்பியின் மனைவி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனி அவர் சொன்னது:

"அக்கா, உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. நான் வேலைக்குப் போகிறேன். நன்றாக இருக்கிறேன். ஆட்டத்துக்கு வருவோம். ஒரு தவறு நடந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை வாசித்தவள் அதே வேகத்தில் சின்ன உறையையும் கிழித்து, 'மண்ணடி, மண்ணடி, மண்ணடி' என்று சத்தமாக வாசித்துவிட்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன், லேட். நான் இன்னும் எழுதவில்லை."

அண்ணி, குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். தவறு என்னுடையது. உறையின் முறை எனக்குத் தெரியாது. "கேட்டதுதான் கேட்டாச்சு, அதுக்கேத்த மாதிரி ஆடுங்களேன், யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி அவர் சொன்னது:

"மண்ணடி என்று ஒரு நகர்வு சேறுண்ணிக்கு இருப்பதையே நான் மறந்துவிட்டேன். யாரும் போடுவதில்லை. இந்தச் சுற்றுக்கு நான் நினைத்து வைத்திருந்தது, நீ சுருளுவாய் என்று நம்பி, பறவையைத் தரையில் இறக்கி ஓய்வு கொடுப்பது. தரையில் இருந்தால் மண்ணடி விழும். மேலே பறக்க வைத்திருந்தால் மூன்று அடியும் காற்றில் போயிருக்கும், உன்னை நான் எரித்திருப்பேன். ஆனால் நான் நினைத்தது இறக்குவதைத்தான். உறை வருவதற்கு முதல் நாளே இவளிடம் அதைச் சொல்லியிருந்தேன். அதையே எழுதச் சொல்கிறேன்: இறங்கு, இறங்கு, இறங்கு. மூன்றாவது மண்ணடியில் பறவை விழுந்துவிட்டது. நீ ஜெயித்துவிட்டாய். மறு ஆட்டம் வேண்டாம். கண்ணாடிக் கதையை இனி எடுக்காதே."

அவர் படுக்கப் போய்விட்டார். அண்ணி, இது அவர் சொல்லாதது. எழுதக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். வலது கண்ணில் நடுவே ஒரு மங்கல் இருக்கிறது, போன வருஷத்திலிருந்து. இப்போது இடது கண்ணிலும். கேம் பெட்டியைக் கால் மணி நேரம் பார்த்தால் அப்புறம் வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது என்கிறார். முப்பது சுற்று அதற்குத்தான். முப்பதுக்குள் முடிந்தால் யாருக்கும் தெரியாமல் ஆடிவிடலாம் என்று கணக்கு. கண் டாக்டரிடம் போகச் சொன்னால் சண்டை. கண் போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். தினமும் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ரோட்டில் போகிறார். அந்தத் தூணுக்குப் பிறகு அவர் வீடு வந்து சேரும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். யார் சொன்னாலும் கேட்கமாட்டார். நீங்கள் அவருக்கு அக்கா.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
தம்பி மனைவி

ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. இதை உன் வீட்டுக்காரி வாசிப்பாள். ஒரு வரியையும் விடாமல் வாசி அம்மா. அவன் காதைப் பொத்தினால் கையை இழுத்துவிட்டு வாசி.

நான் ஜெயித்தேன். நான் மனமிரங்கி, வேண்டாம், மறுபடி ஆடலாம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. மண்ணடி போட்டது நான். தரையில் இறக்கியது நீ. கேட்ட பிறகும் இறக்கியது உன் நாணயம். அதற்காகச் சீட்டுக்கதையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது ஒன்றுதான் திரும்ப வாங்குவேன். அடிக்கத் தெரியாத பிராணி என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் கணக்குத்தாளை வந்து பார்க்கட்டும்.

பந்தயப்படி உன் கை எனக்குக் கடமைப்பட்டது. செப்டம்பரில் நான் சொன்ன பக்கம் தூக்க வேண்டும். ஒரு வருஷமாக என்னை அந்த மாடியில் ஒரு தொல்லை போலப் பார்த்தார்கள். நான் ஆட உட்கார்ந்தால் டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த விதி விழுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ராத்தூக்கத்தில்கூட அந்தச் சுற்றறிக்கையைக் கிழித்திருக்கிறேன்.

அந்தக் கையை நான் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். மன்றத்தில் நீ எப்படி வேண்டுமானாலும் செய்துகொள். இந்தக் கடிதம் வாசித்து முடித்ததும் அந்தக் கையால் கார் சாவியை எடு. முதலாளி மேசையில் வை. "எனக்குக் கண் சரியா தெரியல" என்று வாயால் சொல். அப்புறம் உன் வீட்டுக்காரியோடு கண் டாக்டரிடம் போ. பல் டாக்டரிடம் இல்லை.

கோபம் வருகிறதா? வரட்டும். நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் அந்த டீச்சரம்மா வண்டியைப் பின்னால் எடுத்தாள். தூண் அழாது. அடுத்தது தூணாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? உன் கண்ணுக்கு என்ன ஆனாலும் நான் உன் பக்கம். நீ அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் உன் பக்கம் இல்லை. இதில் வாதம் கிடையாது, தோற்றவன் நீ.

விதி தப்புதான். முப்பது சுற்று அநியாயம்தான். என் கருத்து ஒரு நூல் மாறவில்லை. கண் வலித்தால் கண் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால், சுற்றுக்கு நடுவே நிறுத்தி வைத்து ஆடலாம் என்று நானே விதி எழுதிக் கொடுத்திருப்பேன். அதைவிட்டு என் சேறுண்ணியின் கழுத்தை ஏன் பிடித்தாய்? அதற்குக் கழுத்தே கிடையாது.

இப்படிக்கு,
ஜெயித்த அக்கா

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நாங்கள் இருக்கிறோம். இவள்தான் எழுதுகிறாள். நீ சொன்னபடி ஒரு வரியும் விடாமல் எழுதுகிறாள். விடு என்றாலும் விடமாட்டேன் என்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நான் நல்லா மாட்டிக்கொண்டேன்.

சாவியை வைத்துவிட்டேன். கடிதம் வந்து ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, அதாவது மனதுக்குள். அப்புறம் போய் வைத்தேன். முதலாளி சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூணு விஷயம் எனக்கு அன்னைக்கே சந்தேகம்யா, நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். பெரிய மனுஷன்! அன்றைக்கே கேட்டிருந்தால் நான் உன்னிடம் இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன். வண்டி இனி இல்லை. சாலை விதி வகுப்பு எடுக்கிறேன், உள்ளே, பலகைக்கு முன்னால். குறிகளைப் பெரிதாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். சம்பளம் குறைந்துவிட்டது. இவளுக்கு மூச்சு திரும்பிவிட்டது, அதில் ஈடாகிறது.

கண் டாக்டர் இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். அடுத்த மாதம் ஊசி ஆரம்பம். வலது கண்ணில் போனது போனதுதான். ஆறு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். இவள் என்னைப் பார்த்தாள். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இப்போது மன்றம். ஆண்டுக் கூட்டம் போன ஞாயிறு நடந்தது. டாக்டர் விதியை வாசித்தார். இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா, பந்தயத்தில் ஜெயித்ததை நீ சாவிக்குச் செலவழித்துவிட்டாய். மன்றத்தில் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய், கடிதம் என்னிடம் இருக்கிறது. அதனால் கை என்னுடையது. விதிக்கு ஆதரவாகத் தூக்கினேன். நிறைவேறிவிட்டது.

உன் முகத்துக்காகத் தூக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது நீ எனக்குச் செய்ததற்குக் கைம்மாறு மாதிரி ஆகியிருக்கும். உனக்கு அது பிடிக்காது. நான் நம்புவதை நீ அடித்துத்தான் மாற்ற வேண்டும். சேறுண்ணி ஆட்டம் தூக்கம் வருகிற ஆட்டம்தான் அக்கா. கண் தெரிந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
தம்பி

(அண்ணி, நன்றி. இதை அவர் சொல்லவில்லை.)

செப்டம்பர் 20

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் பாத்திரம் எல்லாம் தேய்த்துவிட்டேன், சன்னல் துடைத்துவிட்டேன், இன்னும் அடங்கவில்லை.

சாவியை வைத்தது சரி. ஊசி போடுவது சரி. அதற்கு மேல் அந்த இரண்டைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் கொதிப்பு குறைந்துவிடும், எனக்கு இப்போது அது தேவை.

விதிக்கு ஆதரவாகத் தூக்கினாயாம். பந்தயத்தை நான் செலவழித்துவிட்டேனாம். என்னிடமிருந்து கற்ற பிடிவாதத்தை என் மேலேயே காட்டுகிறாய். நீ வேறு மாதிரி தூக்கியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்பது உண்மை. ஆனால் உன்னை முன்னளவு நம்பியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. இரண்டாவதை நீ உன் வீட்டுக்காரியிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லக் கூடாது.

சரி, மன்றத்தில் முப்பது சுற்று. மாடியில் நான் விதியை மீறமாட்டேன், என்னை வெளியே தள்ளுகிற சந்தோஷத்தை அந்த டாக்டருக்குத் தரமாட்டேன். ஆனால் உன் வீடு மன்றம் இல்லை. உன் வீட்டில் எந்தச் சுற்றறிக்கையும் செல்லாது. உனக்கு முதல் ஊசி போடுகிற வாரம் நான் அங்கே வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திரு. நான் திரையைப் பார்த்து என்ன நடக்கிறது என்று சொல்வேன். நீ உன் நகர்வை வாயால் சொல். எனக்குக் கேட்காவிட்டால் உன் வீட்டுக்காரி என் பக்கத்தில் நின்று காதில் கத்தட்டும். உன் பறவை சிறகை விரிக்கும்போது எவ்வளவு சிவப்பு என்றும் சொல்வேன், கூட்டாமல் குறைக்காமல். நூறு சுற்றானாலும் ஆடுவோம். தூக்கம் வந்தால் தூங்கு. எழுந்ததும் உன் முறை.

எந்த நாள் என்று தந்தி மாதிரி எழுதி அனுப்பு. வீட்டு வாசலில் உங்கள் அழைப்பு மணியை அழுத்துவேன். அது அடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் கதவைத் திறக்கிற வரை அழுத்திக்கொண்டே நிற்பேன்.

அக்கா